வரிக்கடைசி முக்காற்புள்ளி

பைத்தான் மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் அந்தக் குறியை ஒரு நாளைக்கு எத்தனை முறை தட்டுகிறோம் என்று கணக்கு வைத்துக்கொள்வதில்லை. இஃப் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒன்று, ஃபார் வரியின் கடைசியில் ஒன்று, பிறகு டெஃப் வரியில், கிளாஸ் வரியில். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு புள்ளி, அவ்வளவுதான். தமிழ் இலக்கணப் புத்தகத்தில் அதற்கு முக்காற்புள்ளி என்று பெயர். கணினிக்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை. அடுத்த வரி உள்ளே தள்ளி எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தே அது விஷயத்தைப் புரிந்துகொண்டுவிடும். பிறகு ஏன் அது அங்கே நிற்கிறது என்று கேட்டால், ஊரும் ஆண்டும் சேர்ந்த ஒரு பிறப்புக் கதை கிடைக்கிறது. நிரல்மொழிகளில் புழங்கும் குறிகளில் இவ்வளவு துல்லியமான பிறப்பு வரலாறு உள்ளவை மிகக் குறைவு.

ஆண்டு 1978. போலந்தில் வார்சாவுக்குப் பக்கத்தில் உள்ள யப்வொன்னாவில் ஒரு மாளிகை. அங்கே லாம்பர்ட் மீர்ட்டன்ஸ், ராபர்ட் டியூவர், பீட்டர் கிங், ஜாக் ஷ்வார்ட்ஸ் என்ற நான்கு கணினி அறிஞர்கள் ஒரு சின்ன மொழிக்குத் தொடரியல் வகுக்க உட்கார்ந்திருந்தார்கள். அந்த மொழிக்கு அப்போது தற்காலிகமாக 'பி' என்று பெயர். கென் தாம்சன் எழுதிய, சி மொழிக்கு முன்னோடியான 'பி' வேறு. இது ஆம்ஸ்டர்டாமில் பிறந்தது. இந்த மொழிக்கு எப்படிப்பட்ட தோற்றம் கொடுக்கலாம் என்பதற்குப் பல யோசனைகள் மேசையில் இருந்தன. ஒவ்வொரு யோசனைப்படியும் ஒரே வேலையை, பபிள் சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையை, எழுதிப் பார்த்து ஒப்பிட்டார்கள். எழுதிய நிரல்களிலேயே பிழைகள் இருந்தன என்பது வேறு விஷயம். எது நன்றாக இருக்கிறது என்பதில் நால்வருக்கும் ஒத்துப்போகவில்லை.

கடைசியில் டியூவரின் மனைவியை அவருடைய அறையிலிருந்து அழைத்து வந்து கருத்துக் கேட்டார்கள். முதல் வடிவத்தை அவருக்கு விளக்கிச் சொன்னார்கள். அவர் கேட்டது மற்ற வடிவங்களோடு ஒப்பிடும் கேள்வி இல்லை. ஃபார் என்று இருக்கிற இந்த வரியில் சொன்னது, இந்த வரிக்கு மட்டும் இல்லை, கீழே வருகிற வரிகளுக்கும் சேர்த்தா என்று வியப்போடு கேட்டார். அந்த இடத்தில்தான் நால்வருக்கும் உறைத்தது. வரியின் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி இருந்திருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

இந்தச் சம்பவத்தைப் பல ஆண்டுகள் கழித்து மீர்ட்டன்ஸ் நினைவுகூர்ந்து சொல்ல, பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசம் தன் மொழியின் வரலாற்றை எழுதியபோது அதைச் சேர்த்துப் பதிவு செய்தார். கேள்வி கேட்ட அந்தப் பெண்மணியின் பெயர் கரின் டியூவர்; அந்தப் பதிவின் தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கிறது. அது பொருத்தம்தான் என்பது என் எண்ணம். கோடிக்கணக்கான வரிகளில் இன்று நிற்கும் ஒரு குறிக்கு உண்மையான காரணம் அவர்தான்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தமிழிலேயே ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

ஒவ்வொரு மாணவருக்கும்
    பெயரை எழுது
    மதிப்பெண்ணை எழுது
பக்கத்தை மூடு

நிரல் எழுதிப் பழகியவர் கண்ணுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. நடு இரண்டு வரிகள் உள்ளே தள்ளியிருக்கின்றன; அவை மட்டும் திரும்பத் திரும்ப நடக்கும்; பக்கத்தை மூடுவது ஒரே முறை. ஆனால் முதல்முறை பார்ப்பவருக்கு முதல் வரி அரைகுறை வாக்கியமாகத் தெரியும். அது எங்கே முடிகிறது? உள்ளே தள்ளியிருப்பதற்கு அர்த்தம் இருக்கிறதா, அல்லது எழுதியவர் அழகுக்காகத் தள்ளினாரா? காகிதத்தில் நாம் எத்தனையோ காரணங்களுக்காக இடம் விட்டு எழுதுகிறோம். வெற்றிடம் மட்டும் நின்று பேசினால் அது பேசுகிறது என்றே பலருக்குத் தெரியாது. முதல் வரியை 'ஒவ்வொரு மாணவருக்கும்:' என்று எழுதிப் பாருங்கள். வாக்கியம் இன்னும் முடியவில்லை, கீழே பார் என்று அந்தக் குறியே கண்ணைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுகிறது. பபிள் சார்ட்டில் ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப், அதற்குள் ஒரு இஃப் என்று மூன்று அடுக்கு வரும். அந்தக் கேள்வி அங்கே எழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நிரலில் சில வரிகளைச் சேர்த்துக் கட்டுவது எப்படி என்ற சிக்கல் அப்போதே இருபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1960இல் வந்த அல்கால் 60 மொழி, கட்டின் தொடக்கத்தில் பிகின் என்றும் முடிவில் எண்ட் என்றும் எழுதச் சொன்னது. சி மொழி அந்த இரண்டு சொற்களையும் நெளிவு அடைப்புக்குறிகளாகச் சுருக்கியது. அல்கால் 68 இன்னும் விசித்திரமாக, தொடக்கச் சொல்லைத் திருப்பிப் போட்டு முடிவுச் சொல்லாக்கியது: இஃப் என்று தொடங்கினால் ஃபி என்று முடியும், கேஸ் என்று தொடங்கினால் எசாக் என்று முடியும். எல்லாமே இரண்டு ஓரத்திலும் காவலாள் நிறுத்தும் முறை. உள்தள்ளலை எல்லாரும் செய்தார்கள், ஆனால் அது மனிதக் கண்ணுக்காக மட்டும். கம்பைலர் அதைக் கண்டுகொள்ளாது.

உள்தள்ளலுக்கே பொருள் கொடுத்துவிட்டால் என்ன என்று முதலில் எழுதியவர் இங்கிலாந்தின் பீட்டர் லேண்டின். 1966இல் வந்த அவருடைய கட்டுரையில் இஸ்விம் என்ற, காகிதத்தில் மட்டும் வாழ்ந்த மொழி ஒன்று வருகிறது. அதில் இந்த விதிக்குக் கால்பந்து ஆட்டத்திலிருந்து ஆஃப்சைடு என்று பெயர் எடுத்து வைத்தார். 1974இல் டொனால்ட் நூத், நிரலில் வேறிடத்துக்குத் தாவச் சொல்லும் கோடூ கட்டளை பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையில், நிரல்கள் சிறு சிறு பகுதிகளாகப் பிரியும் காலம் வந்தால் ஓரக் குறிகளுக்குப் பதிலாக உள்தள்ளலே அமைப்பைக் காட்டப் போதும் என்று ஊகித்தார். ஆக யப்வொன்னாவில் உட்கார்ந்தவர்களுக்கு உள்தள்ளல் புதிய யோசனை இல்லை. அதன் தலைப்பு வரியில் ஒரு குறி வைப்பதுதான் புதிது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி மீர்ட்டன்ஸ் யார் என்பது. அல்கால் 68 மொழியின் திருத்திய அறிக்கையைத் தொகுத்தவர்களில் அவரும் ஒருவர். ஃபி, எசாக் என்று ஒவ்வொரு கதவையும் தவறாமல் பூட்டும் மொழியின் இலக்கணத்தில் தோய்ந்த ஒருவர், முடிவுக் குறியே இல்லாத மொழி ஒன்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அவரும் லியோ கியூர்ட்ஸும் ஆம்ஸ்டர்டாமின் கணித மையத்தில் இருந்தார்கள். 1983 முதல் அந்த நிறுவனம் சிடபிள்யூஐ என்று அறியப்படுகிறது. நிரல் எழுதத் தொடங்குபவர்கள் அன்று பேசிக் மொழியில் சிக்கித் தவித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மாற்றாக, எளிதாகவும் ஒழுங்காகவும் ஒரு மொழி கொடுக்க வேண்டும் என்பதுதான் இருவரின் நோக்கம். பிறகு ஸ்டீவன் பெம்பர்ட்டன் சேர்ந்தார். 'பி' என்ற தற்காலிகப் பெயர் போய் மொழிக்கு ஏபிசி என்று பெயர் வந்தது.

ஏபிசி குழுவினரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. புதிதாகக் கற்பவர்களிடம் மொழியைக் கொடுத்து எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்தார்கள். முக்காற்புள்ளி இல்லாத வடிவத்தில் உள்தள்ளல் எதற்கு என்று ஆரம்பநிலையினருக்குத் தெளிவாகவில்லை. குறியைச் சேர்த்ததும் தெளிவு கூடியது என்று வான் ராசம் பதிவு செய்திருக்கிறார். மாளிகைக் கேள்வியும் இந்தச் சோதனையும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. மொழி வகுப்பவர்கள் பொதுவாக இலக்கண விதியில் ஓட்டை இருக்கிறதா, நிரலின் அமைப்பைப் பகுத்தறியும் பார்சர் எளிதாக எழுத வருமா என்றுதான் பார்ப்பார்கள். இங்கே பார்சருக்கு வேண்டாத ஒன்றை, வாசிப்பவருக்கு வேண்டும் என்பதற்காகவே சேர்த்தார்கள். பொழுதுபோக்காக ஒரு சின்ன மொழி எழுத உட்காருகிறவர்கள் எதை நீக்கலாம் என்று கணக்குப் போடுவதையே நான் அதிகம் பார்க்கிறேன். எழுத்துகளைக் குறைப்பது ஒரு திறமையாகவே பாராட்டப்படுகிறது. ஒரு குறி மிகையாக இருப்பது குறையில்லை, அது யாருக்காக மிகையாக இருக்கிறது என்பதுதான் கேள்வி என்று இந்த முக்காற்புள்ளியைப் பார்த்தால் தோன்றுகிறது.

ஏபிசி அழகான மொழி. கட்டளைச் சொற்கள் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். எண், உரை, கூட்டு, பட்டியல், அட்டவணை என்று ஐந்தே தரவு வகைகள். எண்களுக்கு அளவு வரம்பு கிடையாது. ஆனால் அது பரவவில்லை. வெளியே இருக்கும் கோப்புகளோடும் இயக்கமுறைமையோடும் பேச அதில் வழி மிகக் குறைவு. புதிதாக எதையும் சேர்த்து விரிவாக்குவதும் கடினம். 1980களின் நடுவில் அந்தத் திட்டத்துக்கு ஆதரவு நின்றுபோனது. மொழி ஓரங்கட்டப்பட்டதும் முக்காற்புள்ளியும் அதோடு போயிருக்க வேண்டியது.

போகாததற்குக் காரணம், ஏபிசியை நிரலாக்கி உயிர் கொடுத்தவர்களில் இளைஞரான கீடோ வான் ராசம் இருந்ததுதான். பிறகு அவர் அதே நிறுவனத்தில் அமீபா என்ற பரவல் இயக்கமுறைமைத் திட்டத்துக்குப் போனார். அங்கே சிறு சிறு நிர்வாக வேலைகளுக்கு சி மொழியில் எழுதினால் நாள் கணக்கில் ஆகிறது. ஷெல் மொழியோ போதவில்லை. 1989 டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. அலுவலகம் மூடியிருக்கும் அந்த ஒரு வாரத்தை ஓட்ட ஒரு பொழுதுபோக்கு வேலை வேண்டும் என்று தொடங்கினார். மான்ட்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவின் ரசிகர் என்பதால் அதற்குப் பைத்தான் என்று பெயர் வைத்தார்.

பொழுதுபோக்கு மொழி என்பதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஏபிசியில் தனக்கு உறுத்தியவற்றை விட்டார், பிடித்தவற்றை எடுத்துக்கொண்டார். பெரிய எழுத்துக் கட்டளைச் சொற்கள் போயின. பேர் வைக்கும் முறை, மதிப்பளிக்கும் சமக்குறி, ஒப்பிடும் இரட்டைச் சமக்குறி எல்லாம் சி மொழியிலிருந்து வந்தன. உள்தள்ளல் ஏபிசியிலிருந்து அப்படியே வந்தது. கூடவே முக்காற்புள்ளியும் வந்தது.

பைத்தானுக்காக அவர் முதலில் எழுதியது மொழியின் வேறெந்தப் பகுதியும் இல்லை, பிஜென் என்ற கருவி. இலக்கண விதிகளைக் கொடுத்தால் அது பார்சரை உருவாக்கித் தரும். பார்சருக்கு முன்னால் உட்கார்ந்து, நிரலை டோக்கன் என்ற சிறு அலகுகளாகப் பிரிக்கும் டோக்கனைசரில்தான் உள்தள்ளலின் வித்தை இருக்கிறது. நூற்றுக்கணக்கானவர்கள் தங்கள் சின்ன மொழிகளில் இதை இன்றும் அப்படியே எடுத்தாள்வதால் சொல்லிவிடுகிறேன். டோக்கனைசர் ஓர் அடுக்கு வைத்துக்கொள்ளும். அதன் அடியில் சுழியம். ஒவ்வொரு வரியின் முன்னாலும் உள்ள வெற்றிடத்தை எண்ணி, அடுக்கின் உச்சியில் உள்ள எண்ணோடு ஒப்பிடும். கூடுதலாக இருந்தால் அந்த எண்ணை அடுக்கில் ஏற்றி, 'உள்ளே போனோம்' என்ற ஒரு டோக்கனைப் பார்சருக்கு அனுப்பும். குறைவாக இருந்தால், பொருந்தும் எண் வரும்வரை அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் 'வெளியே வந்தோம்' என்று ஒரு டோக்கன் அனுப்பும். பொருந்தும் எண்ணே இல்லையென்றால் பிழை. இவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம், பார்சரின் பார்வையில் பிகினும் எண்டும் ஆகிவிடுகிறது. அடுத்த வரி உள்ளே போய்விட்டது என்று இதிலேயே தெரிந்துவிடுவதால், அதற்கு முந்தைய வரியின் முக்காற்புள்ளி பார்சருக்குப் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை. நிபந்தனையையும் செயலையும் ஒரே வரியில் எழுதும்போது மட்டும் அது உண்மையிலேயே வேலை செய்கிறது.

வரிகளின் தோற்றம் ஒன்றும் கம்பைலரின் புரிதல் வேறொன்றுமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014 பிப்ரவரியில் ஒரு பெரிய சான்று கிடைத்தது. ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்பான இணைப்புக்கான சி நிரலில், 'கோடூ ஃபெயில்' என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. இரண்டும் ஒரே அளவு உள்ளே தள்ளி, இரண்டுமே மேலே உள்ள இஃப் வரிக்குக் கட்டுப்பட்டவை போலத் தோன்றின. நெளிவு அடைப்புக்குறி இல்லாததால் கம்பைலர் கணக்கில் முதல் வரி மட்டும்தான் இஃப்புக்கு உரியது. இரண்டாவது வரி எந்த நிபந்தனையும் இல்லாமல் எப்போதும் ஓடி, டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் கடைசிப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டது. ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் அனுப்ப வேண்டியதாயிற்று. இந்தப் பிழைக்கு வேறு காரணங்களும் உண்டு, சோதனையில் அது பிடிபடாததும் ஒன்று. ஆனால் மனிதர்கள் உள்தள்ளலைத்தான் படிக்கிறார்கள் என்பதும், இயந்திரமும் அதையே படித்தால் நல்லது என்பதும் அந்த ஒரு வரியில் தெரிகிறது. பைத்தானில் அதே இரண்டு வரிகளை அப்படி எழுதியிருந்தால் இரண்டுமே இஃப்புக்குள் அடங்கியிருக்கும்.

பைத்தானின் கதைக்குத் திரும்பினால், 1991 பிப்ரவரியில் அதன் 0.9.0 பதிப்பு யூஸ்நெட் வழியாக உலகத்துக்கு வந்தது. உள்தள்ளலைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் ஏராளம். நெளிவு அடைப்புக்குறியைக் கொண்டுவாருங்கள் என்ற கோரிக்கை ஓயவே இல்லை. வருங்கால வசதிகளை இறக்குமதி செய்யும் கட்டளையில் 'பிரேசஸ்' என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு வாய்ப்பே இல்லை என்று பைத்தான் பிழைச்செய்தி கொடுக்கும். முக்காற்புள்ளியை எடுத்துவிடலாமே என்று கேட்டவர்களும் உண்டு. பைத்தான் ஆவணம் அதற்குச் சொல்லும் பதில் ஏபிசி சோதனையையே காட்டுகிறது: படிக்க எளிதாக இருக்கிறது. இன்னொரு பயனையும் சொல்கிறது. திருத்தும் மென்பொருள்கள் வரிக்கடைசியில் முக்காற்புள்ளியைப் பார்த்தால் போதும், அடுத்த வரியைத் தாமே உள்ளே தள்ளிவிடும். முழு நிரலையும் அலச வேண்டியதில்லை. யப்வொன்னாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எதிர்பாராத பயன் இது.

அதே குறிக்குப் பைத்தானில் வேறு வேலைகளும் சேர்ந்துகொண்டே போயின. பட்டியலின் ஒரு துண்டை எடுக்கும்போது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் அது நிற்கிறது. அகராதி வகையில் சாவிக்கும் மதிப்புக்கும் நடுவில் நிற்கிறது. 1994இல் 1.0 பதிப்போடு வந்த லாம்டாவிலும் இருக்கிறது. 2008இல் 3.0 பதிப்பு, செயற்கூறின் உள்ளீடுகளுக்குப் பக்கத்தில் முக்காற்புள்ளி போட்டுக் குறிப்பு எழுத வழி விட்டது. பிறகு அந்தக் குறிப்புகளே தரவு வகைகளைச் சொல்லும் இடமாயின. பெயருக்குப் பிறகு முக்காற்புள்ளி, அதற்குப் பிறகு வகை என்ற வழக்கம் பாஸ்கல் மொழியில் பழகிய ஒன்று. ஆக, ஒரே டெஃப் வரியில் ஒரு முக்காற்புள்ளி வகையைச் சொல்கிறது, கடைசி முக்காற்புள்ளி கட்டைத் திறக்கிறது. எனக்கு இது கொஞ்சம் நெருக்கடியாகவே தெரிகிறது. ஒரு குறிக்கு இத்தனை பொறுப்பு கொடுத்தால், முதலில் அது பெற்றிருந்த தெளிவு மங்கத்தான் செய்யும்.

உச்சக்கட்டம் 2018இல் வந்தது. ஒரு கோவைக்குள்ளேயே மாறிக்கு மதிப்பளிக்க, முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் சேர்த்து ஒரு புதிய செயற்குறி கொண்டுவர முன்மொழிந்தார்கள். வால்ரஸ் என்ற கடல்விலங்கின் கண்ணும் தந்தமும் போல இருப்பதால் அதையும் அந்தப் பெயரிலேயே அழைத்தார்கள். ஏற்பதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் கடும் சண்டை. வான் ராசம் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்தச் சண்டையில் மனம் நொந்து, அந்த ஆண்டு ஜூலையில் மொழியின் இறுதி முடிவுகளை எடுக்கும் பொறுப்பிலிருந்தே விலகிவிட்டார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகத் தனக்கென்று வளர்த்த மொழியின் தலைமையை அவர் விட்டது தொடரியல் பற்றிய ஒரு விவாதத்தால்தான். அவருக்குப் பிறகு, வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று பொறுப்பேற்றது.

தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்தில் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படித்து, ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் அரைப்புள்ளி போட்டுப் பழகிய பிள்ளைகள், அடுத்த ஆண்டு அதை மறந்து முக்காற்புள்ளிக்கு மாற வேண்டியிருக்கிறது. முக்காற்புள்ளியை விட்டுவிடுவதுதான் தொடக்கத்தில் வரும் மிகச் சாதாரணமான பிழை. நெடுங்காலம் பைத்தான் அதற்குச் சொன்ன பதில், தொடரியல் தவறு என்ற பொதுவான ஒரு செய்தி மட்டும்தான். பிஜென் உருவாக்கிய பார்சர் அடுத்து வரும் ஒரே ஒரு டோக்கனைப் பார்த்து முடிவெடுக்கும் வகையைச் சேர்ந்தது; எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று ஊகிக்க அதற்கு இடமில்லை. 2020இல் 3.9 பதிப்பு அந்தப் பழைய பார்சரை மாற்றியது. அந்த மாற்றத்தை முன்மொழிந்த மூவரில் வான் ராசமும் ஒருவர். புதிய பார்சரில் இன்ன தவறு வரக்கூடும் என்று தவறுகளுக்கே விதி எழுத முடியும். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பிலிருந்து, முக்காற்புள்ளியை விட்டால் இங்கே முக்காற்புள்ளி எதிர்பார்த்தேன் என்று பைத்தான் நேராகவே சொல்கிறது. புதிதாகக் கற்பவருக்காகவே பிறந்த குறி, கற்பவருக்கு இப்படி உதவ இத்தனை ஆண்டுகள் ஆனது தாமதம்தான்.

இதற்குள் அது பைத்தானைத் தாண்டியும் போய்விட்டது. ஆண்ட்ரியாஸ் ரும்ப் உருவாக்கிய நிம் மொழியிலும், கோடோ விளையாட்டு எஞ்சினுக்கான ஜிடிஸ்கிரிப்ட்டிலும் தலைப்பு வரி முக்காற்புள்ளியில்தான் முடிகிறது. பல ஆண்டுகள் நெளிவு அடைப்புக்குறியோடு வாழ்ந்த ஸ்காலா மொழியும் 2021இல் தன் மூன்றாம் பதிப்பில் உள்தள்ளலை ஏற்றது. ஆனால் எல்லா இடத்திலும் முக்காற்புள்ளியை வைக்கவில்லை. இஃப் வரியை தென் என்ற சொல்லாலும், வைல் வரியை டூ என்ற சொல்லாலும் முடித்தது. அப்படி ஒரு சொல் வாய்க்காத கிளாஸ் வரிக்கு மட்டும் முக்காற்புள்ளியை எடுத்துக்கொண்டது. 2023இல் 3.3 பதிப்பில், செயற்கூறு ஒன்றுக்கு ஒரு கட்டையே உள்ளீடாகக் கொடுக்கும் இடத்திலும் அதை அனுமதித்தது.